நேரம் தப்பி அடித்த மணி

1

புதிய தவணை தொடங்கிவிட்டது. ஊரில் தவணை என்றால் ஜனவரி. புதுச் சப்பாத்து, உறை போட்ட கொப்பி, பள்ளிக்கூட வாசலில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும் சின்னப் பிள்ளைகள். இங்கிலாந்தில் அது செப்டம்பரில் வருகிறது. இலங்கையில், எங்கள் ஊர் கல்முனையில் என்னோடு படித்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார்கள். நான் ஐம்பதைத் தாண்டிய வயதில் பையைத் தூக்கிக்கொண்டு இறையியல் கல்லூரிக்குப் போகிறேன். இரண்டாம் வருடம். இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் என்னைப் போதகராக அபிஷேகம் பண்ணுவார்கள்.

"போதகரம்மா ஆக வேணுமெண்டா நேரத்தோட ஒரு போதகரக் கட்டியிருக்கலாமே. என்னைக் கட்டிப்போட்டு ஏன் இந்தப் பாடு?" என்று என் கணவர் நேசன் கேட்டார். அவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குத் தட்டு அடுக்குகிறேன். இரவில் படிப்பு. பன்னிரண்டு பக்கக் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் ஆண்டவரிடம் முறையிட்டு, மறுபடி ஆங்கிலத்தில் எழுதுவேன்.

நாங்கள் இருக்கும் நகரம் நாட்டின் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு மணிக்கணக்கில் ஓட வேண்டும். வீடு தேடும்போது நான் பார்த்த முதல் விஷயம் அதுதான். சபையார் வருடாவருடம் பஸ் பிடித்துக் கடற்கரைக்குச் சுற்றுலா போவார்கள். நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று வீட்டில் இருந்துவிடுவேன். போன வருடம் தவணையின் முதல் வாரத்தை நகரத்திலேயே வைத்தார்கள். இந்த வருடம் கல்லூரிக்குச் சொந்தமான பழைய வீடு திருத்தி முடிந்துவிட்டதாம், ஒரு வாரம் எல்லோரும் அங்கே தங்கிப் படிக்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. கீழே ஒரு படம். வீட்டின் மதிலுக்கு அப்பால் கடல்.

வருகை கட்டாயம் என்று எழுதியிருந்தார்கள். தலைவலி அங்கே செல்லாது.

2

மகள் ஷாரன்தான் காரில் கொண்டுபோய் விட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவள். கோயிலுக்கு வருவதை நிறுத்திப் பல வருடமாகிறது. அம்மா போதகராகப் போவதை ஒரு வினோதமான பொழுதுபோக்கு என்று நினைக்கிறாள் போல. தன் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது சிரித்துவிடுகிறாள். தமிழ் கதைப்பாள், எனக்காக. இரண்டு வசனத்துக்கு மேல் போனால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது மழையும் மூடுபனியும். கடல் மதிலில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் பின்னால் ஒரு மலை. மதில் ஓரத்தில் ஒரு சிவப்புப் பலகை. நீரில் கைதூக்கும் மனிதப் படம் போட்டு, இங்கே கடல் வேகமாகத் திரும்பி வரும், கவனம் என்று எழுதியிருந்தது. ஷாரன் காரைக் கடல் பார்த்தபடி நிறுத்தினாள்.

"கிறுக்கி நிப்பாட்டு," என்றேன். எங்கள் பக்கத்தில் வண்டியைத் திருப்புவதை அப்படித்தான் சொல்வோம்.

"ஏன்?"

"மூஞ்சி மலைப்பக்கம் இருக்கட்டும்."

"அம்மா, கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு ஆராவது கார் விடுவாங்களா?"

விடுவார்கள். பெரியநீலாவணையிலிருந்து கல்முனை வரை கரையோரம் போய்ப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ, எங்கள் சனம் முன்சில்லை ஊர்ப்பக்கம் திருப்பித்தான் நிறுத்தும். மீன் வாங்க ஒரு நிமிடம் இறங்கினாலும் அப்படித்தான். கடலே இல்லாத ஊரில்கூட நான் காரை ரோட்டுப் பக்கம் திருப்பித்தான் விடுவேன். "உங்கட அம்மா என்ன, வங்கியைக் கொள்ளையடிக்கவா போறா?" என்று நேசன் மகளிடம் பகிடி பண்ணுவார். அந்தப் பகிடிக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே பிள்ளைக்குச் சொன்னதில்லை. தெரியாமல் வளரட்டும் என்று நினைத்தோம்.

ஷாரன் சிரித்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கார் கடலைப் பார்த்தபடியே நின்றது.

நெடுந்தூரம் ஓடி வந்ததால் அவளும் அன்றிரவு அங்கே தங்கட்டும் என்றார் கல்லூரித் தலைவர் மார்கரெட். அறுபது வயது, வெள்ளை முடி, கழுத்தில் சின்ன மரச் சிலுவை. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். ஒரு வருடமாக முயல்கிறேன், நாக்கு எழும்பமாட்டேன் என்கிறது. "உங்களுக்குக் கடல் தெரியும் அறை ஒதுக்கியிருக்கிறேன், நீங்கள் தீவிலிருந்து வந்தவர் அல்லவா?" என்று சாவியைத் தந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அறைக்குள் போனதும் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

3

காலையில் சத்தமில்லாததால்தான் விழித்தேன். இரவு முழுக்க மதிலில் அடித்துக்கொண்டிருந்த கடல் ஓய்ந்துவிட்டது. திரைச்சீலையை விலக்கினேன்.

கடல் இல்லை.

மதிலுக்கு அப்பால் சாம்பல் நிறச் சேறு. அதற்கப்பால் மணல், அங்கங்கே குட்டை. நேற்று மிதந்த இரண்டு தோணிகள் ஒருபக்கம் சரிந்து கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்ததா, அதுவும் நிச்சயமில்லை. அந்த மணலில், மிகத் தூரத்தில், ஆட்கள். நிற நிறமாய் மழைக்கோட்டுப் போட்டு வரிசையாக நடந்து போகிறார்கள். என் வகுப்பார். காலைச் செபத்துக்கு முன் மௌன நடை என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அது வீதியிலோ தோட்டத்திலோ என்று நான் நினைத்திருந்தேன். வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் கோட்டு. ஷாரன். யாரோ வாவென்று கூப்பிட்டிருக்கிறார்கள், போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தாள்.

வற்றுப்பெருக்கு எனக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்தில் புவியியல் கொப்பியில் சந்திரனை வரைந்து, அம்புக்குறி போட்டு, ஆசிரியரிடம் சரி வாங்கியவள் நான். ஆனால் எங்கள் கல்முனைக் கடல் வற்றினால் ஒரு முழம், பெருகினால் ஒரு முழம். காலையும் மாலையும் அது ஒரே இடத்தில்தான் கிடக்கும். அது இடத்தை விட்டுப் போனதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

4

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சின்னக் கோயில் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. ஆராதனைக்கு முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணி அடித்தால்தான் பாட்டுக்காரர் வரிசையில் நிற்க வேண்டும். தம்பி ரூபன் பாட்டுக் குழுவில் இருந்தவன். அவனுக்கும் அப்போது பத்தொன்பது. கடல் ஒரு தடவை ரோட்டுவரைக்கும் ஏறிவந்து போனதாம், இப்போது உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், தரையெல்லாம் தெரிகிறதாம் என்று பெடியன்கள் வந்து சொன்னார்கள். ரூபன் கிளம்பினான். "ரெண்டாம் மணிக்கு வந்திருவன் அக்கா," என்றான். நானும் கோயில் படலை வரை போய் எட்டிப் பார்த்தேன். ஒழுங்கையின் முடிவில் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் மண் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது.

அந்த நேரம் கடற்கரை வீதியால் ஜெஸ்மினா ராத்தா வந்தார். ஊரில் முஸ்லிம் சனம் அக்காவை ராத்தா என்பார்கள்; அவர் மருதமுனையில் தறி வைத்திருக்கிற குடும்பம். போதகரம்மா சொல்லியிருந்த கைத்தறிச் சேலையைக் கொடுக்க வந்தவர். அவர் தூரத்தில் கடல் எழும்பி வருவதைக் கண்டுவிட்டார். பள்ளிவாசலில் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிடுவோம் என்றால் கரண்ட் இல்லை. சேலைப் பொதியைக் கோயில் முற்றத்தில் எறிந்துவிட்டு, முக்காடு விழுந்ததும் தெரியாமல், நேரே மணிக்கூண்டுக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். அதுவரைக்கும் அவர் கோயில் மணியைத் தொட்டதில்லை. ஆராதனை மணி ஆடி அசைந்து அடிக்கும். இது மூச்சு விடாமல் அடித்தது. கோயிலுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தோம். ஓடினோம். கிட்டங்கிப் பாலம் தாண்டி, சவளக்கடை வயல் வரம்பில் போய் விழும்வரை ஓடினோம்.

கடற்கரையில் நின்றவர்களுக்கும் மணி கேட்டிருக்கிறது. ரூபனோடு நின்று தப்பிய ஒரு பெடியன் பிறகு சொன்னான். "ரெண்டாம் மணி அடிக்கிது, பாட்டுத் தொடங்க இன்னும் நேரமிரிக்கி" என்று ரூபன் சொன்னானாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பொய்யாகக் கடல் வந்தது. எவனாவது ஒருவன் "கடல் வருகுது" என்று சைக்கிளில் கத்திக்கொண்டு போவான். கல்முனை முழுக்கச் சவளக்கடைக்கு ஓடும். முஸ்லிம் சனம், தமிழ்ச் சனம், பிள்ளையைத் தூக்கியவர், குர்ஆனைத் தூக்கியவர், அடுப்பில் சோற்றை விட்டவர், எல்லோரும். போய் இருந்து பார்த்துவிட்டுத் திரும்புவோம். ஆனால் கத்தியவனை யாரும் ஏசியதில்லை. அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். ஒருவனை இன்றைக்கு ஏசினால், நாளைக்குக் காண்கிறவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். திரும்பி வரும் வழியில் அவனுக்கும் சேர்த்துத்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள்.

5

இந்த வீட்டுச் சிற்றாலயத்தின் பின்பக்கத்தில் மணிக்கயிறு தொங்குவதை முதல் நாளே பார்த்திருந்தேன். செருப்பில்லாமல், இரவுச் சட்டையோடு படியிறங்கி ஓடினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கால் தரையை விட்டு எழும்பியது. இழுத்தேன், இழுத்தேன். "ஓடுங்க, கடல் வருகுது, ஓடுங்க" என்று கத்தினேன். முழுக்கத் தமிழில். இருபது வருடமாகச் சேர்த்து வைத்த ஆங்கிலத்தில் ஒரு சொல்கூட வரவில்லை.

சமையல்காரப் பெண் துடைக்கிற துணியோடு வந்து நின்றாள். பிறகு மார்கரெட் வந்தார். என் தோளில் கை வைத்தார். கயிற்றிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இது சாதாரண வற்று, கிருபா. பாதுகாப்பான நேரம்தான். பாருங்கள்," என்று யன்னல் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். மணலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். செபத்துக்கு இன்றைக்கு நேரத்தோடு மணி அடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, வரிசை குலையாமல், மௌனமும் குலையாமல், மெல்ல வீட்டை நோக்கி நடந்து வந்தார்கள். ஒரு ஆள்கூட ஓடவில்லை. அந்த நடையைப் பார்த்தபோது எனக்கு வந்த பயம் கடல் தந்த பயத்தைவிடக் கூடுதல்.

அந்த வரிசையில் மஞ்சள் கோட்டு இல்லை.

"மணி கேட்டதும் உங்கள் மகள் விலகிப் போனாள், உங்களிடம்தான் வருகிறாள் என்று நினைத்தோம்," என்றார் நடையை நடத்திய விரிவுரையாளர். அறையில் பார்த்தோம், இல்லை. கார் நின்ற இடத்தில் நிற்கிறது, ஆள் இல்லை. மதிலில் ஏறி நின்று கூப்பிட்டேன். அதற்குள் நீர் திரும்பத் தொடங்கிவிட்டது. பலகையில் எழுதியிருந்தது உண்மைதான். முன்னால் வருவதாகத் தெரியாது. பக்கத்து வாய்க்கால்களால் சுற்றிவந்து, பின்னால் இருக்கும் மணலை முதலில் மூடுகிறது. வகுப்பார் நின்ற இடம் என் கண் முன்னாலேயே தண்ணீரானது. "பயப்படாதீர்கள், எங்களுக்கு நேரம் தெரியும்," என்று விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் உதடு வெளிறியிருந்தது. ஆண்டவரே, ஒரு குடும்பத்தில் ஒன்று போதாதா என்று கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன்.

மார்கரெட்டின் காரில் தேடிப்போய்த்தான் அவளைக் கண்டுபிடித்தோம். வீட்டின் பின்னால் மலைமேல் செம்மறி மேயும் வெளி ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில், கல்வேலியின் மேல், ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் இருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். வரவில்லை. முகம் சிவந்து, அவ்வளவு கோபம்.

"நீங்க ஏன் மேல வரல்ல?" என்றாள். தமிழில். "மணிய அடிச்சிட்டு நீங்க ஓடி வருவீங்க எண்டு நான் இஞ்ச நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்க வரவேயில்ல. தண்ணி வந்திட்டுது, நீங்க வரல்ல."

"உனக்கு ஆரு சொன்னது, மேல ஓட வேணுமெண்டு?"

"நீங்கதான். ஒவ்வொரு கிறிஸ்மஸும் ராத்தாவோட ஸ்பீக்கர்ல கதைப்பீங்களே. எனக்குத் தமிழ் விளங்காதெண்டு நினைச்சீங்களா?"

"எல்லாரும் அது செப மணியெண்டு நினைச்சாங்களே."

"செபத்துக்கு ஆரு அப்பிடி அடிப்பா? ஸ்கூல் நாள்ல எண்ட கதவத் தட்டுவீங்களே, அப்பிடியே இருந்துது." சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். போகும்போது கடல் பக்கம் திரும்பவில்லை.

6

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது? ஊரில் என்றால் ஒருத்தி வந்து "என்னகா இப்பிடிப் பயப்படுத்திப்போட்டாய்" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டியிருப்பாள், முடிந்திருக்கும். இங்கே கதவுக்குக் கீழால் பூப்படம் போட்ட அட்டை வந்தது. சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு ஒரு படி இறங்கியது. நான் கேட்காமலே எனக்குத் தேநீர் வந்தது. எல்லோரும் தலையை ஒரு பக்கம் சாய்த்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் நாள் குறித்த நோயாளியை அப்படித்தான் கேட்பார்கள், நான் தட்டுக் கொடுக்கும்போது பார்த்திருக்கிறேன்.

செவ்வாய் வகுப்பில் விரிவுரையாளர் வேதத்தில் கடல் என்ன பொருளில் வருகிறது என்று நடத்தினார். கடல் ஓர் உருவகம், ஒழுங்கில்லாததன் அடையாளம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். எனக்குக் கை தூக்க வேண்டும் போல் இருந்தது. ஐயா, அந்த உருவகம் என் தம்பியின் சப்பாத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை என்று சொல்ல இருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பற்றி ஏற்கனவே போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் மார்கரெட் நடைபாதையில் பிடித்தார். "வெள்ளிக்கிழமை சின்னதாக ஒரு பேச்சு வைத்துக்கொள்வோமா? நானும் இன்னும் இரண்டு பேரும் இருப்போம். ஒன்றும் இல்லை, சும்மா," என்றார். இந்த நாட்டில் பெரிய பேச்சு என்றால் பயமில்லை, சத்தம் போடுவார்கள், முடியும். சின்னப் பேச்சுக்குப் போனவர்கள்தான் திரும்பி வருவதில்லை. போன வருடம் எங்கள் வகுப்பில் ஒரு மனிதர் அப்படிப் போனார். அடுத்த கிழமை அவருடைய கதிரையும் இல்லை, மேசையில் இருந்த பெயரட்டையும் இல்லை. ஊழியத்துக்குத் தகுதி என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

7

நேசனுக்குச் சொன்னேன். அவர் பஸ் டிப்போவில் நின்று கதைத்தார். "இஞ்ச பாரு கிருபா, நித்திரத் தூக்கத்தில அடிச்சிட்டன், இனி அடிக்கமாட்டன் எண்டு சொல்லு. முடிஞ்சுது அலுவல். ஒரு வருசம் கண்முழிச்சுப் படிச்சதத் தூக்கி எறியப்போறியா?"

அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கு இந்தப் படிப்பு வேண்டும். விளையாட்டுக்கு வந்தவளல்ல நான். சவளக்கடை வரம்பில் அன்று இரவு முழுக்க எங்கள் போதகர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் இருந்தார், ஒரு வசனம்கூடச் சொல்லாமல். முஸ்லிம் சனத்துக்குப் பக்கத்திலும் இருந்தார். அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதைக் கேட்டு வாங்க எனக்கு இத்தனை வருடம் எடுத்தது.

புதன்கிழமை ஜெஸ்மினா ராத்தாவுக்கு எடுத்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். கடல் உண்மையில் வந்ததா என்று அவர் கேட்கவேயில்லை.

"ஆரும் ஓடினாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல ராத்தா. கடியாரத்தப் பாத்தாங்க."

தறிச் சத்தம் நின்றது. "அல்லாஹ்வே," என்றார். "ஒராளும் ஓடல்லயா புள்ள?"

"மகள் ஓடினா. மலைக்கு மேல போய் நிண்டா."

"மறுகா என்னகா," என்றார் ராத்தா. பிறகென்ன வேணும் என்று அர்த்தம். "மணி கேட்டிரிக்கி. எனக்கு இம்புட்டு வருசமும் அதுதான் மனசுக்க கெடந்து உழத்தும், நான் அடிச்ச மணி உண்ட தம்பிக்குக் கேட்டுதோ இல்லயோ எண்டு. நீ செல்லு, அவங்கள்ட்ட. அடிச்சது அடிச்சதுதான் எண்டு செல்லு."

ரூபனுக்குக் கேட்டது என்பது எனக்குத் தெரியும். ராத்தாவுக்கு அதை நான் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை.

8

வெள்ளிக்கிழமை மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு மெத்தை வைத்த கதிரை, பக்கத்தில் கண்ணீர் துடைக்கும் தாள் பெட்டி. மார்கரெட் மிகவும் மென்மையாகக் கேட்டார். என் இழப்புக்கு வருந்துவதாகச் சொன்னார். அந்தக் காலை பற்றி யாரோடும் முறையாகப் பேசியிருக்கிறேனா என்று கேட்டார். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டார்.

"அடுத்த தவணையும் இந்த வீட்டில்தான் தொடங்கும். இங்கே கடல் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை வற்றும். அது இயல்பு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். மறுபடியும் அப்படிச் செய்வீர்களா?"

இல்லை என்பதுதான் விடை. கேள்வியே அந்த விடையைக் கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தது. நேசனின் குரல் காதில் கேட்டது. நான் வாயைத் திறந்தேன்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "கீழே ஆட்கள் நின்றால் அடிப்பேன். பிழையாக இருந்தால் நல்லது, எல்லோரும் திரும்பி வந்து தேநீர் குடிக்கலாம். என்னை ஏசினாலும் பரவாயில்லை."

யாரும் எழுதவில்லை. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். சுவரில் பழைய மாணவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் எத்தனை பேர் சின்னப் பேச்சுக்குப் போனார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். மனநல ஆலோசகர் ஒருவரைக் கிழமைக்கு ஒரு தடவை சந்திக்க வேண்டும், மற்றபடி தொடர்ந்து படிக்கலாம் என்றார்கள். மார்கரெட் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாள் பெட்டி அப்போதுதான் உதவியது.

ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்று சிற்றாலயத்துக்குப் போனேன். பின்பக்கத்தில் கயிற்றைக் காணவில்லை. சுவரோடு ஒரு மரப்பெட்டி அறைந்து, கயிற்றை அதற்குள் சுருட்டி வைத்து, பித்தளைப் பூட்டுப் போட்டிருந்தார்கள். நிலத்தில் மரத்தூள் கிடந்தது. அதன் மேல் சப்பாத்துத் தடங்கள் ஏற்கனவே நிறைய இருந்தன. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முதலே பூட்டியாகிவிட்டது.

சாப்பாட்டறையில் சமையல்காரப் பெண் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த மணிக்கயிற்றுப் பெட்டியின் சாவி யாரிடம்?" என்று கேட்டேன்.

"அலுவலகத்தில், அம்மா. ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்."

காலை நடை அதற்கு வெகு முன்னமே தொடங்கிவிடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் துணியைப் பிழிந்துவிட்டு உள்ளே போனாள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடல் மறுபடியும் போயிருந்தது. வாரத்தின் கடைசி நடைக்கு வகுப்பார் இறங்கியிருந்தார்கள். சேற்றுக்கு அப்பால், குட்டைகளுக்கு அப்பால், சின்னச் சின்ன நிறங்களாகத் தெரிந்தார்கள். மதிலோரம் எங்கள் கார் நின்றது. ஷாரன் உள்ளே இருந்தாள். கார் கடலுக்கு முதுகைக் காட்டி, மூஞ்சி மலைப்பக்கம் திரும்பி நின்றது. ஏறி உட்கார்ந்தேன்.

"உங்கள வெச்சிருக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"ஓம், படிக்கலாமாம். மணியத்தான் பூட்டிப்போட்டாங்க."

ஷாரன் கண்ணாடியை அசைத்துப் பின்னால் இருந்த மணலைப் பார்த்தாள். "அப்ப இனி ஆரு அடிப்பா?"

போவோம் என்றேன். "கொஞ்சம் பொறுங்க" என்றாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறங்கள் மெல்ல மெல்லத் திரும்பி, மதில் படியில் ஒவ்வொன்றாக ஏறி, கடைசி ஆளும் உள்ளே போகும்வரை அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவ்வளவு நேரமும் அவளுடைய கை ஹோர்னின் மேல் இருந்தது.